யாழ்ப்பாணத்தில் கொக்குவில், திருநெல்வேலிப் பகுதி பாதுகாப்பானதா? வாள்வெட்டு, களவு அதிகமா?

நீங்கள் யார், எங்கிருந்து கேட்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்து ஒருவர் கேட்டால், வீட்டில் ஒரு பிள்ளை திருநெல்வேலியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. மட்டக்களப்பிலோ மலையகத்திலோ இருந்து செய்திகளைப் பார்த்துப் பயந்துபோன ஒரு தகப்பனுக்கு எழுதுவதாக வைத்துக்கொள்கிறேன். நான் கொக்குவிலில் பிறந்தவள். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சியில் கழித்த ஆறு மாதங்களைத் தவிர, வாழ்நாள் முழுவதும் இங்கேதான்.

வாள்வெட்டு இருக்கிறது. ஊர்ப் பெருமைக்காக அதை மறைக்க மாட்டேன். முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள், யன்னலை உடைக்கிறார்கள், வாசலில் நிற்கும் வாகனத்தைக் கொளுத்துகிறார்கள். ஆனால் நான் அறிந்த அளவில் அவர்கள் ஒரு வீட்டைக் குறித்துக்கொண்டுதான் வருகிறார்கள். பழைய பகை, காசுத் தகராறு, காதல் விவகாரம் என்று ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். வழியில் போனவனும் வெட்டுப்பட்டிருக்கிறானே என்று இதைப் படிக்கும் யாராவது கேட்பீர்கள். உண்மைதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அறை எடுத்துப் படிக்க வரும் ஒரு மாணவிக்கு அன்றாடம் இருக்கும் பயம் அதுவல்ல. பூட்டிக் கிடக்கும் வீடுகள்தான் அந்தப் பயம்.

2022 ஆம் ஆண்டு உங்களுக்கும் நினைவிருக்கும். பங்குனி மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் மின்வெட்டு. சமையல் எரிவாயு சிலிண்டருக்கு விடியற்காலையில் இருந்து வரிசை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு பெரியப்பாவின் மகனுடையது. அண்ணா குடும்பத்தோடு கனடாவில் இருக்கிறார். சுற்றிவர ஆளுயர மதில், பெரிய இரும்புக் கேற், உள்ளே ஒரு மனிதர் இல்லை. ஒரு நாள் இரவு அந்த வளவுக்குள் இறங்கி, பின்மதிலால் ஏறி எங்கள் கிணற்றடிக்கு வந்திருக்கிறார்கள். நாய் குரைத்தது. அம்மாவுக்கு அப்போது 84 வயது, காது மட்டும் கூர்மை. "யாரது கிணற்றடியில்?" என்று படுத்தபடியே கேட்டார். நான் லாம்பைக் கொளுத்திக்கொண்டு போய்ப் பார்ப்பதற்குள் நீர் இறைக்கும் மோட்டரைக் குழாயோடு அறுத்தெடுத்துவிட்டார்கள். பின்விறாந்தையில் வைத்திருந்த சிலிண்டரும் இல்லை. நான்கு நாள் வரிசையில் நின்று வாங்கியது அது.

தொண்டை கிழியக் கத்தினேன். எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகள். அன்று ஆள் இருந்தது ஐந்தில். படலையைத் திறந்து வந்தது ஒரே ஒருவர், எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர். கையில் டோர்ச் லைட்டும் பொல்லும். "பிள்ளை, உள்ளே போ, அம்மாவைத் தனியே விடாதே" என்று சொல்லிவிட்டு விடியும்வரை எங்கள் படியில் இருந்தார். மற்றவர்களுக்கும் சத்தம் கேட்டதாம், மறுநாள் சொன்னார்கள். மோட்டர் போனதை விட அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. கிடுகு வேலி இருந்த காலத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். வேலியில் ஆள் நுழைந்து வர ஒரு பொட்டும் இருக்கும், ஓடிவந்துவிடுவார்கள். வெளிநாட்டுக் காசில் மதில் எழும்பிய பிறகு யாருக்கு என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்கவும் வழியில்லை.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போன கதையையும் சொல்லத்தான் வேண்டும். நான் தமிழில் சொன்னேன், அங்கிருந்த பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதினார், கடைசியில் கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்கு வாசிக்கத் தெரியாத ஒன்றில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி ஆகிவிட்டது. தமிழ் தெரிந்த ஒருவர் வரும்வரை இரண்டு மணித்தியாலம் வாங்கிலில் இருந்தேன். வந்தவர் மரியாதையாகத்தான் எழுதித் தந்தார், அதையும் சொல்லவேண்டும். ஆனால் எத்தனை பேர் அப்படிக் காத்திருப்பார்கள்? களவு போனாலும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். எங்கள் குளப்பிட்டிச் சந்தியில் 2016 ஐப்பசியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தது பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில். முதலில் விபத்து என்றார்கள், பிறகு ஐந்து பொலிஸார் கைதானார்கள். அந்தச் சந்தியால் தினமும் போய்வரும் எங்களிடம் "பொலிஸை நம்புங்கள்" என்று சொல்வது எளிதல்ல. இதனால் நான் சட்டத்துக்கு எதிரானவள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவசரமென்றால் உங்கள் மகள் 119 ஐ அழைக்கத்தான் வேண்டும்.

அந்தக் களவுக்குப் பிறகு அண்ணாவோடு தொலைபேசியில் சண்டை பிடித்தேன். "தங்கச்சி, வாடகைக்கு விட்டால் வீடு பழுதாகிவிடும்" என்றார். சும்மா கிடந்தால் கறையான் தின்னாதா என்று கேட்டேன். மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டுச் சம்மதித்தார். இப்போது அங்கே நான்கு மாணவிகள் இருக்கிறார்கள், ஒருத்தி ஹட்டன், ஒருத்தி மூதூர், இருவர் வவுனியா. பரீட்சைக் காலத்தில் இரவு ஒரு மணிக்கும் விளக்கு எரியும். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் ஒரு வாளி கூடக் களவு போகவில்லை. ஒருத்தியின் அனுபவம்தானே என்பீர்கள். ஆம், என்னிடம் இருப்பது அதுதான்.

ஆகவே ஊரின் பெயரைப் பார்க்காதீர்கள், ஒழுங்கையைப் பாருங்கள். பகலில் வந்து வீட்டைப் பிடித்துவிட்டுப் போகாமல், மாலை ஏழு மணிக்குப் பிறகு பலாலி வீதியில் இருந்தோ காங்கேசன்துறை வீதியில் இருந்தோ அந்த வீடுவரை ஒருமுறை நடந்துபோங்கள். தெருவிளக்கு எரிகிறதா, எத்தனை வீட்டில் வெளிச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள். பாதி வீடுகள் இருட்டாகக் கிடந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் மகள் சங்கிலி போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போகவேண்டாம். வீட்டுக்காரரிடம் பக்கத்து வீட்டாரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அது தன்னிடம் இல்லை என்று அவர் சொன்னால் வேறு வீடு தேடுங்கள்.