முடக்குவாதத்தின் தொடக்கத்திலேயே மூன்று மருந்துகள் ஏன்?

நோய் தெரிந்தவுடனே மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது அதிகமில்லையா, சில மாதங்களில் குறைத்துவிட்டால் பயன் நீடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எலும்பைப் பொறுத்தவரை நீடிக்கிறது. முடக்குவாதத்தில் வீங்கித் தடித்த மூட்டுச் சவ்வு, ஓரத்திலுள்ள எலும்பை அரிக்கத் தொடங்கும். பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே இது எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். அரித்துப்போன எலும்பு பெரும்பாலும் பழையபடி ஆவதில்லை. அதனால்தான் அவசரம்.

நெதர்லாந்து, பெல்ஜியம் மருத்துவர்கள் 155 பேரிடம் நடத்தி 1997-ல் வெளியிட்ட 'கோப்ரா' ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒரு பிரிவுக்குச் சல்ஃபாசலசின் என்ற மருந்து மட்டும். மற்றவர்களுக்கு அதோடு வாரம் 7.5 மி.கி. மெத்தோட்ரெக்ஸேட், தினமும் 60 மி.கி. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. ஸ்டீராய்டை வாராவாரம் குறைத்து, ஆறே வாரத்தில் 7.5 மி.கி.க்குக் கொண்டுவந்தார்கள். 28 வாரங்களுக்குப் பிறகு அதையும், 40 வாரங்களுக்குப் பிறகு மெத்தோட்ரெக்ஸேட்டையும் படிப்படியாக நிறுத்தினார்கள். ஸ்டீராய்டு நின்றதும் வலி, வீக்கத்தில் இரு பிரிவுக்கும் இருந்த வித்தியாசம் மங்கிவிட்டது. ஆனால் கூட்டு மருந்து எடுத்தவர்களுக்கு மூட்டுச் சேதம் சில ஆண்டுகள் கழித்தும் மெதுவாகவே கூடியது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

இன்று பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட்டைக் கூடுதல் அளவில் கொடுத்து, ஸ்டீராய்டைக் கொஞ்ச காலம் மட்டும் சேர்க்கிறார்கள். இரண்டு விஷயங்களில் தயவுசெய்து கவனமாக இருங்கள். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறைதான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்புறம், வலி போய்விட்டதே என்று ஸ்டீராய்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.