மோல் என்பது எடையா, எண்ணிக்கையா?

பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "6.022 × 10²³ மனப்பாடமாகிவிட்டது. ஆனால் ஏன் அந்த எண், அது எதற்கு என்று புரியவில்லை."

ஒரு மோலில் எத்தனை துகள்கள் என்று சொல்வதுதான் அந்த எண். அதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இரும்புத் தூளையும் கந்தகத் தூளையும் கலந்து சூடாக்கினால் இரும்பு சல்பைடு உண்டாகும். ஓர் இரும்பு அணுவுக்கு ஒரு கந்தக அணு. அப்படியானால் 56 கிராம் இரும்புக்கு 56 கிராம் கந்தகம் போட்டால் சரியாக இருக்குமா? இருக்காது. 32 கிராம்தான் சேரும், 24 கிராம் கந்தகம் மிஞ்சிவிடும். ஏனென்றால் இரும்பு அணு கனமானது, கந்தக அணு அதைவிட லேசானது. இரண்டின் நிறையும் ஏறத்தாழ 56-க்கு 32 என்ற விகிதத்தில் இருக்கின்றன.

வினை நடப்பது எண்ணிக்கைக் கணக்கில். நம் கையில் இருப்பதோ தராசு. இந்த இரண்டையும் இணைப்பதுதான் மோல். ஒரு தனிமத்தின் அணு நிறை எவ்வளவோ அத்தனை கிராம் எடுத்தால், அது எந்தத் தனிமமானாலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றேதான். ஒரே வகை நாணயக் குவியலை எடை போட்டே எத்தனை நாணயம் என்று சொல்லிவிடுகிறோமே, அது போல. ஆக, மோல் எண்ணிக்கைதான். அதை எடை வழியாக அடைகிறோம், அவ்வளவே.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, எண் தெரியாமலேயே வேதியியலாளர்கள் இப்படிக் கணக்குப் போட்டார்கள் என்பது. சம பருமனுள்ள வாயுக்களில், ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும், சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோ 1811-ல் சொன்னார். எத்தனை என்பது அவருக்குத் தெரியாது. 1909-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரென்தான் ஒரு மோலுக்கான அந்த எண்ணுக்கு அவகாட்ரோ பெயரை வைத்தார்.

சரி, ஏன் குறிப்பாக அந்த எண்? நாம் கிராமில் அளக்கிறோம், அதனால்தான். 12 கிராம் கார்பன்-12-ல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை அது. அவுன்ஸில் அளந்திருந்தால் வேறு எண் வந்திருக்கும். 2019 மே 20 முதல் கார்பனைச் சாராமல், 6.02214076 × 10²³ என்றே வரையறுத்துவிட்டார்கள்.

கணக்குப் போடும்போது முதலில் கிராமை மோலாக்குங்கள், அப்புறம் சமன்பாட்டின் விகிதத்தைப் பாருங்கள், கடைசியில் திரும்பவும் கிராமுக்கு வாருங்கள். எந்தத் துகள் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: ஒரு மோல் ஆக்சிஜன் அணு 16 கிராம், ஒரு மோல் ஆக்சிஜன் மூலக்கூறு 32 கிராம். தேர்வில் நிறையப் பேர் மதிப்பெண்ணை விடுவது இங்கேதான்.