பேங்க் இன்ஜினியர் பார்த்தால் போதுமா?

கேள்வி: கோவை கணபதியில் 12 வருடப் பழைய தனி வீடு ஒன்றைப் பேசி வைத்திருக்கிறோம். கடனுக்காக பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டார். தனியாக இன்னொருவரிடம் காட்டுவது தண்டச் செலவு என்கிறார் மாமா. காட்டணுமா?
– ஒரு வாசகி

பதில்: கட்டாயம் காட்டுங்க. பேங்க் ஆள் பார்ப்பது கொடுக்கிற கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்பதை, பாத்ரூம் ஒழுகுவது அவர் கவலை இல்லை. புரோக்கருக்கும் விற்பவருக்கும் வேண்டியவராக இல்லாத சிவில் இன்ஜினியர் ஒருவரை, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கூட்டிப்போய், போட்டோவோடு எழுத்தில் ரிப்போர்ட் வாங்குங்கள். வாஸ்து பார்க்க மாமா ஏற்கெனவே ஆள் அனுப்பியிருப்பாரே!

நம்ம பக்கம் முதலில் கேட்க வேண்டியது மண். கோவை, பல்லடம், உடுமலை வட்டாரத்தில் பல இடங்களில் கரிசல்தான். மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும் மண் அது, அஸ்திவாரம் அதற்குத் தக்கபடி போடவில்லை என்றால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். பூச்சில் தெரியும் மயிரிழைக் கீறல் பெரும்பாலும் சாதாரணம். விற்பதற்கென்று அடித்த புதுப் பெயிண்ட் இரண்டையுமே மறைத்துவிடும். அப்புறம் சீலிங்கில் துருக்கறை, மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கிய தடம். ஐப்பசி மழை கொட்டிய மறுநாள் போனால் பாதி தானாகவே தெரியும்.

2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தில் கட்டுமானக் குறைக்கு பில்டர் 5 வருடம் பொறுப்பு, ஆனால் தனியாளிடம் பழைய வீடு வாங்கும் உங்களுக்கு அது உதவாது. சின்னக் குறைகளைக் காட்டி விலையைக் குறைக்கலாம். அஸ்திவாரம் இறங்கியிருக்கிறது என்றால் பேரமே பேசாமல் வேறு வீடு பாருங்கள்.