இலங்கை, நேபாளம்: வெளிநாட்டு இணையக் கொள்ளளவு யாருக்கு அதிகம்?

கேள்வி: நேபாளத்தோடு ஒப்பிட்டால் இலங்கையின் சர்வதேச இணையக் கொள்ளளவு எப்படி? கடலடிக் கேபிள்கள் இத்தனை இருந்தும் மலையகத்தில் ஏன் இணையம் இழுபடுகிறது?

பதில்:

சர்வதேச இணையக் கொள்ளளவு என்பது ஒரு நாட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையே ஒரு நொடியில் போய்வரக்கூடிய தரவின் அளவு. மொத்தம் எத்தனை கிகாபிட் என்று பார்த்து மட்டும் இரண்டு நாடுகளை எடைபோட முடியாது. நேபாளத்தில் ஏறத்தாழ 3 கோடிப் பேர், இங்கே சுமார் 2 கோடியே 20 இலட்சம் பேர். மொத்தத்தை இணையம் பயன்படுத்துவோரின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1 டெராபிட்டை (1,000 கிகாபிட்) 1 கோடிப் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 100 கிலோபிட்தான் வரும். அதை வைத்து ஒரு வீடியோவும் ஓடாது. ஆனாலும் ஓடுகிறதே! எல்லோரும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. அத்துடன் யூடியூப், ஃபேஸ்புக் போன்றவை அதிகம் பார்க்கப்படுபவற்றின் நகலை உள்நாட்டுச் சேவையகங்களிலேயே வைத்திருக்கின்றன. வெளிநாட்டுக் கொள்ளளவு குறைந்த நாட்டில் இணையமும் மெதுவாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்ட முடியாததற்கு இதுவே காரணம்.

நான் முதலில் பார்ப்பது, வெளியே போக எத்தனை தனித்தனி வழிகள் உண்டு, அவை யார் கையில் இருக்கின்றன என்பதைத்தான். இதில் இலங்கை வெகுதூரம் முன்னால் நிற்கிறது. சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை செல்லும் சீ-மீ-வீ 4 என்ற கடலடிக் கேபிள் கொழும்பைத் தொடுகிறது. சீ-மீ-வீ 5 மாத்தறையில் கரையேறுகிறது. வங்காள விரிகுடாக் கேபிளும் தூத்துக்குடியிலிருந்து வரும் பாரத்-லங்கா கேபிளும் கல்கிசைக்கு வருகின்றன. ஒன்று அறுந்தாலும் வேறு வழி இருக்கிறது.

நேபாளத்துக்குக் கடல் இல்லை. பைரஹவா, பீர்கஞ்ச், பிராட்நகர் போன்ற எல்லை ஊர்கள் வழியாக இந்தியாவிடமிருந்தே பெரும்பகுதியை வாங்குகிறது. 2018 ஜனவரியில் ரசுவாகடி வழியாகச் சீனாவுடன் ஓர் இணைப்பைத் திறந்தார்கள். ஆரம்பத்தில் அதன் அளவு 1.5 கிகாபிட் மட்டுமே. 2024 மே மாதத் தொடக்கத்தில் நேபாளத்தின் பெரும்பகுதியில் சில மணி நேரம் இணையம் நின்றுபோனது. கேபிள் எதுவும் அறுந்துவிடவில்லை. அங்குள்ள இணையச் சேவை நிறுவனங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய கட்டண நிலுவை பற்றித் தகராறு இருந்ததால், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதி கிடைக்கவில்லை. இந்தியத் தரப்புக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி சேர்ந்ததும் அது இணைப்பைத் துண்டித்துவிட்டது. சர்வதேசக் கொள்ளளவு வெளிநாட்டு நாணயத்தில் வாங்கும் சரக்கு என்பதை ஒப்பீட்டு அட்டவணைகள் காட்டுவதே இல்லை. 2022இல் டொலர் இல்லாமல் தவித்த நமக்கு இது புரியாதா?

இனி மலையகத்துக்கு வருவோம். நான் ஹட்டன் பக்கத்தில் வசிக்கிறேன். ஒளியிழைக் கேபிள் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் வந்து வருடக்கணக்காகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். நகரத்தைத் தாண்டினால் மலைமுகட்டில் உள்ள ஒரு கைத்தொலைபேசிக் கோபுரத்தை நம்பிப் பல தோட்டங்கள் இருக்கின்றன. பல கோபுரங்களுக்கு ஒளியிழை போகாது, நுண்ணலை எனும் கம்பியில்லா அலையில்தான் இணைப்பு. அடைமழையில் அது தளரும். மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் பேட்டரியும் தீர்ந்து கோபுரமே அணைந்துவிடும். பள்ளத்தில் இருக்கும் லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) அலை எட்டுவதே அபூர்வம். எங்கள் தோட்டத்தில் கைத்தொலைபேசியை ஒரு பையில் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுவார்கள். அதன் ஹாட்ஸ்பாட்டில்தான் உயர்தரம் படிக்கும் பிள்ளை உள்ளே இருந்து வகுப்பைக் கேட்கும். கொரோனாக் காலத்தில் பாறை மேல் ஏறிப் படித்த பிள்ளைகளின் படங்களை நாடே பார்த்தது. மாத்தறையில் இன்னும் பத்துக் கேபிள் கரையேறினாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு கிலோபிட்கூட அதிகமாகக் கிடைக்காது. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

உங்கள் இடத்தில் குறை எங்கே என்று நீங்களே பார்க்கலாம். இரவு எட்டு மணியளவில் வேகச் சோதனைச் செயலியில் கொழும்புச் சேவையகத்தைத் தெரிவுசெய்து ஒரு தடவையும், சிங்கப்பூரைத் தெரிவுசெய்து ஒரு தடவையும் சோதியுங்கள். கொழும்பு சீராக இருந்து சிங்கப்பூர் மட்டும் இழுபட்டால் வெளிநாட்டு வழியில் நெரிசல் இருக்கலாம். கொழும்பே இழுபட்டால் குறை பெரும்பாலும் உங்கள் கோபுரத்தில், அல்லது அதற்கு வரும் இணைப்பில். சில நாள்கள் சோதித்து, முடிவுகளைப் படமெடுத்து வையுங்கள். முதலில் சேவை நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். பலன் இல்லையென்றால் அதே படங்களுடன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். கொழும்புச் சோதனையே இழுபட்டிருக்க, கடலடிக் கேபிள் பழுது என்று பதில் வந்தால் அதை ஏற்காதீர்கள்.