பலகோணத்தின் உட்கோணம், வெளிக்கோணம்: கேள்வி பதில்

தங்கச்சிமடம், ஒன்பதாம் வகுப்பு மாணவி: உட்கோணங்களின் கூடுதலுக்குப் பக்க எண்ணிக்கையிலிருந்து 2-ஐக் கழித்து 180-ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். ஏன் 2, சார்?

ஐங்கோணம் ஒன்று வரைந்து, ஒரு முனையிலிருந்து மூலைவிட்டங்களைப் போடும்மா. இரண்டுதான் போட முடியும். மூன்று முக்கோணம் கிடைக்கும். அந்த முனையைத் தொடும் இரண்டு பக்கங்களை விட்டுவிடு. மீதி ஒவ்வொரு பக்கமும் ஒரு முக்கோணத்துக்கு அடிப்பக்கம். கழிக்கிற 2 அதுதான். மூன்று முக்கோணத்துக்கு 540 பாகை. படத்தைப் போட்டுப் பார்த்தவளுக்கு வாய்ப்பாடு மறக்காது.

கீழக்கரை: உட்கோணம் 156 பாகை என்றால் எத்தனை பக்கம்?

ஒரு பக்கத்தை நீட்டினால் வெளியே வருவது வெளிக்கோணம். 180-இல் 156 போக அது 24. வெளிக்கோணங்களின் கூடுதல் எப்போதும் 360. அதை 24-ஆல் வகுத்தால் 15 பக்கம். ஆனால் கேள்வியில் ‘ஒழுங்குப் பலகோணம்’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இந்த வகுத்தலே செல்லாது.

பாம்பன்: எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால் ஒழுங்குப் பலகோணம்தானே, சார்?

இல்லை தம்பி. வீட்டில் மீன்வலை இருந்தால் ஒரு கண்ணை விரித்துப் பார். நான்கு பக்கமும் ஒரே அளவு. சரியாக விரித்தால் சதுரம். நெடுக்காக இழுத்தால் ஒடுங்கிச் சாய்சதுரம். மேலும் கீழும் 40 பாகைக்கு ஒடுங்கும்போது இரு ஓரத்திலும் 140 ஆகிவிடும். பக்கம் மாறவில்லை, கூடுதல் 360-உம் மாறவில்லை. கோணங்கள் மட்டும் மாறிவிட்டன. பக்கமும் சமம், கோணமும் சமம் என்றால்தான் ஒழுங்கு.

ஏர்வாடி: ஒழுங்கு எண்கோணத்தின் உட்கோணம்?

135. வெளிக்கோணம் 45, அதை 180-இலிருந்து கழியுங்கள்.

தொண்டி, ஆசிரியை: வெளிக்கோணங்களின் கூடுதல் எப்போதும் 360 என்று பொதுவாகச் சொல்வது தவறு. உள்ளே குழிந்த பலகோணத்துக்கு அது வராது.

வரும் டீச்சர். எல் வடிவத்தில் ஓர் உப்புப் பாத்தி, அதன் வரப்பில் இடமாகச் சுற்றி நடக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முனை ஆறு. ஐந்தில் இடப்பக்கம் 90 பாகை திரும்புவோம். உள்ளே குழிந்த முனையில் வலப்பக்கம் 90. இடத்தைக் கூட்டி வலத்தைக் கழித்தால் 450-இல் 90 போக 360. புறப்பட்ட இடத்துக்கே வந்து, புறப்பட்ட திசையையே பார்த்து நிற்கிறோம். வெளிக்கோணம் என்பது திரும்பும் அளவுதான். என் வகுப்பில் எப்போதும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

மண்டபம்: கோணத்தில் எங்காவது குறை எண் உண்டா? டீச்சர் சொல்வதுதான் சரி.

திசையோடு சேர்த்து அளந்தால் உண்டு. வேண்டாம் என்றால் உட்கோணத்தைப் பாருங்கள்: குழிந்த முனையில் 270, மற்ற ஐந்திலும் 90, மொத்தம் 720. அறுகோணத்துக்கு வரவேண்டியதும் 720. 180-இலிருந்து 270-ஐக் கழித்தால் குறை 90 தானாகவே வந்து நிற்கிறது.

தொண்டி, ஆசிரியை: அப்படியானால் ஐந்துமுனை நட்சத்திரம்? ஒரே கோடாக இழுத்தால் 360 வருமா?

அருமையான கேள்வி. வராது. ஒழுங்கான நட்சத்திரத்தில் கூர்முனை ஒவ்வொன்றும் 36 பாகை, அங்கே திரும்புவது 144. ஐந்து முனைக்கு 720, அதாவது இரண்டு முழுச் சுற்று. பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டாத வரைதான் 360. ‘எப்போதும்’ என்ற சொல்லுக்கு நீங்கள் கேட்ட கட்டுப்பாடு இதுதான், டீச்சர்.

தேவிபட்டினம்: வெளிக்கோணம் என்றால் 360-இலிருந்து உட்கோணத்தைக் கழிப்பதுதானே?

இல்லை. 180-இலிருந்து. பக்கத்தை நீட்டிப் பாருங்கள்.

கீழக்கரை: உட்கோணம் 100 பாகை. எத்தனை பக்கம்?

மறுபடியும் ‘ஒழுங்கு’ என்ற சொல் இல்லை. இருந்தாலும் வெளிக்கோணம் 80, வகுத்தால் நாலரை. நாலரைப் பக்கத்தில் பலகோணம் கிடையாது.

திருப்பாலைக்குடி: ஒழுங்கு எண்கோணத்தின் உட்கோணம் எவ்வளவு?

ஏர்வாடிக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

தொண்டி: எங்கள் மனை ஐந்து மூலை. பரப்பு எப்படிக் காண்பது?

கோணத்தை மட்டும் வைத்துப் பரப்பு வராது. நில அளவரைக் கேளுங்கள்.

மண்டபம்: ஒழுங்கு ஏழுகோணத்தைக் கவராயத்தால் துல்லியமாக வரைய முடியுமா?

கவராயமும் அளவு குறிக்காத அளவுகோலும் மட்டும் என்றால் முடியாது. 1837-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் வான்செல் நிறுவியது இது. வெளிக்கோணம் 360-இல் ஏழில் ஒன்று, ஏறத்தாழ 51.43 பாகை, கோணமானியில் வைத்தால் கண்ணுக்குச் சரியாக வரும். ஆனால் 17 பக்கம் உள்ளதை வரைய முடியும். 1796-இல் ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் அதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு வயது 18.