பேரேட்டின் கடைசித் தாள்

அன்புள்ள ஐயா,

பேரரசுகளின் எழுச்சி, வீழ்ச்சி பற்றிச் சில மாதங்களாக வாசித்துவருகிறேன். எந்தப் பேரரசும் 250 ஆண்டுகளுக்கு மேல் நிலைக்காது என்கிறார்கள். அப்படியானால் அமெரிக்காவின் முறை வந்துவிட்டதா? அடுத்தது சீனாவா? போரும் காந்தியும் சேர்ந்து பிரிட்டனை வீழ்த்தியதாகப் பள்ளியில் படித்தேன். வீழ்ச்சிக்கென்று பொது விதி ஏதாவது உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த 250 ஆண்டுக் கணக்கை முதலில் தூக்கிப் போடுங்கள். ஒட்டோமான் அரசு 600 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஹிட்லரின் ஆட்சி 12 ஆண்டுகளில் முடிந்தது. இந்த வேலையை ஜாதகக்காரர்கள் உங்களைவிட நன்றாகச் செய்வார்கள். சீனாவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பிரிட்டன் பற்றிய உங்கள் வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாட்களாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

1945-ல் போரில் வென்ற கையோடு பிரிட்டன் கடன் கேட்டு வாஷிங்டனுக்கு ஆள் அனுப்பியது. போனவர் பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ், இதய நோயாளி. தோளோடு தோள் நின்றவர்கள் இனாமாகவோ வட்டியில்லாமலோ தருவார்கள் என்று நம்பிப் போனார். கிடைத்தது 375 கோடி டாலர், 2 சதவீத வட்டிக்கு, 50 தவணைகளில். அடுத்த ஏப்ரலில் அவர் இறந்துபோனார். கடைசித் தவணை கட்டியது 2006 டிசம்பரில்! தான் ஆண்டுகொண்டிருந்த இந்தியாவுக்கே பிரிட்டன் அப்போது 100 கோடி பவுண்டுக்கு மேல் கடன்பட்டிருந்தது. இதையெல்லாம் உங்கள் பள்ளியில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாஷிங்டன் கடனுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பவுண்டை டாலராக மாற்றிக்கொள்ள வழிவிட வேண்டும். 1947 ஜூலை 15 அன்று கதவைத் திறந்தார்கள். பவுண்டை நீட்டி டாலரை அள்ளிக்கொண்டு போனார்கள் பல நாட்டார். ஆகஸ்ட் 20 அன்று கதவைச் சாத்தவேண்டியதாயிற்று. தேதியைப் பாருங்கள், நமக்குச் சுதந்திரம் வந்து ஐந்தாம் நாள். உடனே காந்தியை நான் குறைத்துச் சொல்வதாகக் கடிதம் எழுதிவிடாதீர்கள். கல்லாப்பெட்டியையும் எட்டிப்பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மிராசுதார் வீட்டில் கணக்குப்பிள்ளை. அவருடைய பேரேட்டைச் சிறுவயதில் புரட்டியிருக்கிறேன். நெல் வரவு, ஆள் கூலி, வைக்கோல் விற்றது எல்லாம் வரிசையாக இருக்கும். கடன் விவரம் மட்டும் தனித்தாளில் எழுதி, பின் அட்டைக்குள் செருகியிருக்கும். எஜமான் முன்னாலிருந்து புரட்டிப் பாதியில் ‘சரி’ என்று மூடிவிடுவார். தாத்தா அதைப் பின்னால் வைத்ததே அதற்காகத்தான். விசுவாசம்.

தேரோட்டத்துக்குக் காரில் போய் இறங்குவது அந்த வீட்டு வழக்கம். ஒரு வருடம் பெட்ரோலுக்குக் காசில்லை. நான்கு ஆட்கள் கோயில் வரை காரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே அவர் அங்கவஸ்திரத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வழியில் திண்ணைகளில் இருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். பரிவட்டமும் அவருக்குத்தான் கட்டினார்கள்.

1956 சூயஸ் அந்தக் கார்தான். எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதும், பிரான்சையும் இஸ்ரேலையும் சேர்த்துக்கொண்டு பிரிட்டன் படையோடு போனது. களத்தில் தோற்கவில்லை. ஆனால் பவுண்டு ஆட்டம் கண்டது, டாலர் கையிருப்பு கரைந்தது. படை வெளியேறாமல் உதவி கிடையாது என்று அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் கையை விரித்துவிட்டார். நவம்பர் 5 அன்று படை இறங்கியது. மறுநாள் நள்ளிரவில் போர்நிறுத்தம். ஜனவரியில் பிரதமர் ஈடன் பதவி விலகினார். உடல்நலக் குறைவு என்றார்கள்.

அமெரிக்காவுக்கும் கடன் இருக்கிறதே என்று குதிப்பீர்கள். அமெரிக்கா வாங்குவது தானே அச்சடிக்கும் பணத்தில். பிரிட்டனின் கழுத்தை இறுக்கியது அடுத்தவன் அச்சடிக்கும் டாலரில் வாங்கிய கடன். இதுகூடப் புரியாமல் ஒரு நாடு எப்போது விழும் என்று சப்புக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மிராசுதார் வீடு நொடித்தபோது மகிழ்ந்தவர்கள் உண்டு. அந்த நிலத்தில் உழுது அரைக்கூலி வாங்கியவர்கள் அவர்கள், மகிழட்டும். உங்களுக்கு என்ன வந்தது?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை ஆர்வமாக வாசிப்பவரிடம்தான் இப்படிப் பேச முடிகிறது.

பெரியவர் காலமாகி மகன் பொறுப்பேற்ற அன்று, தாத்தா அந்தத் தாளை உருவி முதல் பக்கத்துக்கு முன்னால் வைத்துப் பேரேட்டைக் கொடுத்தார். சின்ன எஜமான் நின்றபடியே படித்தார். பிறகு, கார் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டார்.