போர்ப் படிப்பும் பர்மாப் பேரேடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகன் எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டான். போர் வரலாற்றில்தான் ஆராய்ச்சி செய்வேன் என்கிறான். “சண்டையைப் படிச்சு என்ன ஆகப்போகுது?” என்கிறார்கள் பங்காளிகள். இந்தப் படிப்பை வைத்து நன்றாக வாழ்ந்தவர் யாராவது உண்டா?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சிக்கு,

உண்டு. பிரிட்டன் வரலாற்றாசிரியர் மைக்கேல் ஹோவர்ட். 1943இல் இத்தாலியின் சலேர்னோவில் போரிட்டு மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்றவர். போருக்குப் பின் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஆசிரியராகி, போரியலுக்கென்றே அங்கு ஒரு துறையை உருவாக்கினார். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகங்கள். 2019இல் 97 வயதில் காலமானார்.

இரண்டாம் உலகப் போர் பற்றிய பிரிட்டனின் அரசு வரலாற்றில் ஒரு தொகுதி அவர் எழுதியது. 1942 ஆகஸ்டிலிருந்து சுமார் ஓராண்டுக் கதை. அதில் கப்பல் கணக்கு ஓயாமல் வரும். இருக்கிற கப்பலை மத்தியதரைக் கடலுக்கு விடுவதா, பர்மாவை மீட்க விடுவதா? பணம், ஆள், உணவு, நட்பு நாடு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நாடு போடும் இருப்புக் கணக்கு, ஐந்தொகை இது. ஆங்கிலத்தில் ‘கிராண்ட் ஸ்ட்ராட்டஜி’ என்பார்கள்; பெருவியூகம் என்று சொல்லலாம். ஐந்தொகை என்றால் உங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பர்மா என்று படித்ததும் எனக்கு மேலே ஓடவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, அங்கே நகரத்தார் கொடுத்திருந்த கடன் திரும்பவில்லை, அடமானம் நிலமாக வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் கால் பங்கு நகரத்தார் கையில். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. அங்கே லேவாதேவிக் கடையில் மேலாளுக்கு உதவியான அடுத்தாளாக இருந்த என் ஐயா அரக்கான் வழியாக நடந்தே வந்தார். அவர் சுமந்து வந்த பேரேடு எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. தை மாதத்தோடு எழுத்து நின்றுவிடும். மிச்சம் வெற்றுத் தாள்.

அந்த வெற்றுத் தாளையும் லண்டனில் போட்ட கப்பல் கணக்கையும் ஒன்றாக வைத்துப் படிக்க ஆள் வேண்டும், ஆச்சி. அதற்கு ஆங்கிலம் மட்டும் போதாது. தமிழ் எண்ணும், மாகாணி, அரைக்கால் என்ற பழைய பின்னக் குறிகளும் வாசிக்கத் தெரிய வேண்டும். தம்பி அதை முதலில் கற்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு ஆய்வுகளுக்குத் தனித்துறையே இருக்கிறது. வேலை சட்டென்று கிடைக்காது, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். சில வருடம் நீங்கள் தாங்க வேண்டியிருக்கும். தாங்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் காரைக்குடிக்கு அனுப்புங்கள். ஐயாவின் பேரேட்டை எடுத்து வைக்கிறேன்.